ரத்தம் ஊறும் என்று உரித்த பழம்

ஒரு மாதுளம்பழத்தை உரித்து முடிக்க எனக்கு ஏழு நிமிடம் ஆகும். பழகிய கைக்கு ஏழு நிமிடம். பழகாதவர்களுக்குக் கால் மணி நேரம், கூடவே உடுத்தியிருக்கிற துணியும் பாழ். ஐந்து மாதம், நாள் தவறாமல், விடிவதற்கு முன் எழுந்து இரண்டிரண்டு பழம் உரித்திருக்கிறேன். தின்பதற்கு முன்னால் ஆளை உட்கார வைத்து இவ்வளவு வேலை வாங்குகிற பழம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. பலாப்பழம்கூடப் பரவாயில்லை, சுளையாகவே வாங்கிக்கொள்ளலாம். மாதுளையையும் இப்போது டப்பாவில் உதிர்த்து விற்கிறார்கள் என்று மகள் போனில் சொன்னாள். நோயாளிக்குக் கொடுப்பதை எவன் கையோ உதிர்த்ததாக வாங்க எனக்கு மனம் வரவில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டிருப்பது தெரிந்த வருடம் அது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். இவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஒரே மகள் பெங்களூரில். இவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. அது கடைசியில் கிட்னியில் கை வைத்தது. அதோடு ரத்தமும் குறைந்தது. கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிற மனிதர், மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

ரத்தம் குறைவு என்று எங்கள் ஊரில் ஒருவரிடம் சொன்னால் போதும், வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கீழ் வீட்டு மாமி, "தினமும் மாதுளம்பழம் கொடுங்கோ, ரத்தம் விருத்தியாகும். பெருமாள் பார்த்துப்பார்" என்றார். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர், "எங்க அம்மாவுக்கு மாதுள ஜூஸ்லதான் டீச்சர் ஏறுச்சு" என்றார். பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர்கூடச் சொன்னார். பார்க்க வருகிறவர்களில் ஆப்பிள் வாங்கி வருகிறவர்கள் முறைக்கு வந்தவர்கள். மாதுளை வாங்கி வருகிறவர்களுக்கு நம்மேல் நிஜமாகவே அக்கறை இருக்கும். எந்தக் கடையில் தோல் கன்னிப்போகாமல் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எல்லோரையும் மிஞ்சியவர் அண்ணி. இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இவரைவிட ஒன்பது வயது மூத்தவர். திருவெள்ளறையில் மகன் வீட்டில் இருக்கிறார். கொல்லையில், பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு நாட்டு மாதுளை மரம் உண்டு. பழம் சின்னதாக இருக்கும், தோல் மஞ்சளும் பச்சையுமாக, முத்து வெளிர் ரோஜா நிறத்தில், கொஞ்சம் புளிக்கும். சனிக்கிழமைதோறும் அண்ணி அதில் எட்டு பத்துப் பழத்தை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, துறையூர் பஸ்ஸில் ஏறி, டோல்கேட்டில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் கதவைத் தட்டிவிடுவார். மரத்தில் இல்லாத வாரம் மண்ணச்சநல்லூரில் சிவப்புப் பழமாக வாங்கி வருவார். நான் எதற்காகக் காத்திருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணி வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மதியம் வரை தூங்குவேன். ராத்திரியெல்லாம் இவருக்காக எழுந்து எழுந்து படுக்கிற எனக்கு, வாரத்தில் கிடைத்த தூக்கம் அது ஒன்றுதான்.

உரிப்பதில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். மகள் அனுப்பிய வீடியோவில் ஒருவன் பழத்தைக் குறுக்கே வெட்டிக் கவிழ்த்து, கரண்டியால் நாலு தட்டுத் தட்டுகிறான், முத்தெல்லாம் பொலபொலவென்று விழுகிறது. நான் தட்டியபோது பாதி விழுந்தது, மீதிச் சாறு சுவரிலும் என் முகத்திலும் தெறித்தது. மாதுளைக் கறை எந்த சோப்புக்கும் போகாது. அதற்கென்றே ஒரு பழைய அரக்கு நிற நைட்டியை ஒதுக்கிக்கொண்டேன். கடைசியில் கைக்கு வந்த முறை இது: கிரீடத்தைச் சுற்றி மூடி போல வெட்டி எடுத்தால் உள்ளே வெள்ளைத் தோல் கோடு பிரித்திருப்பது தெரியும். அந்தக் கோட்டின் மேலாகவே தோலை மட்டும் கீறி விரித்தால், பழம் தானாக ஐந்தாறு பாகமாக மலரும். ஒவ்வொரு பாகத்தையும் தண்ணீருக்குள் வைத்து உதிர்க்க வேண்டும். முத்து அடியில் போய்விடும், மஞ்சள் சவ்வு மிதக்கும். மிதப்பதை வழித்து எறிந்துவிட்டு வடிகட்ட வேண்டியதுதான்.

சாறு எடுப்பதற்கும் ஒரு கை வேண்டும். மிக்ஸியை ஓட விட்டால் விதை அரைபட்டுக் கசந்துவிடும். இரண்டு சுற்று, அவ்வளவுதான். பிறகு டீ வடிகட்டியில் கொட்டிக் கரண்டியின் முதுகால் அழுத்த வேண்டும். இரண்டு பழத்துக்கு ஒரு டம்ளர் வந்தால் பெரிது. நாட்டுப் பழம் என்றால் முக்கால்தான். சர்க்கரை போட முடியாது, உப்பும் கூடாது. ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவிக் கொடுத்தால் இவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "புளிக்குதுடி" என்பார். அதற்குள் ஆறரை ஆகியிருக்கும். காய்கறியை நறுக்கி, வேக வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி வேக வைக்கிற வேலை அடுப்பில் காத்திருக்கும். கிட்னிக்காரர்களுக்குக் காயில் இருக்கிற பொட்டாசியம் ஆகாது, அதனால் அப்படி.

இதெல்லாம் ஒரு தனிக்கூத்து என்று அண்ணி சிரிப்பார். அவர்களுக்குச் சின்ன வயதில் கத்தியே கிடையாதாம். பழத்தை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அமுக்கி, உள்ளே எல்லாம் நெகிழ்ந்ததும் ஓரத்தில் பல்லால் ஓட்டை போட்டு உறிஞ்சிவிடுவார்களாம். "தம்பிக்கு நான்தான் ஓட்ட போட்டுக் குடுப்பேன், அவனுக்கு அப்ப பல்லு விழுந்திருந்துச்சு" என்பார். இவரும் கட்டிலில் படுத்தபடி சிரிப்பார்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். தில்லை நகரில் டாக்டரை முதல்முதலாகப் பார்த்த அன்றே, ஆகாரம் பற்றி அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. ஒரு பக்கம் சாப்பிடலாம், மறுபக்கம் கூடாது. காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே முழுதும் படித்துவிட்டேன். கூடாத பக்கத்தில் வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாம் வரிசையாக இருந்தன. நாலாவதோ ஐந்தாவதோ மாதுளையும் இருந்தது.

படித்தேன். என் கண் அதைத் தாண்டிப் போகவில்லை, நன்றாகப் படித்தேன். அன்றைக்கே இளநீரை நிறுத்தினேன், வாழைப்பழம் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினேன். மாதுளையை மட்டும் விட்டுவிட்டேன். இது எல்லா நோயாளிக்கும் பொதுவாக அடித்த தாள், இவருக்குத்தான் ரத்தம் குறைவாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழைப்பழம் பழம், மாதுளை மருந்து என்று மனசு பாட்டுக்குப் பிரித்து வைத்துக்கொண்டது. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை போலிருக்கிறது. ஏதாவது ஒன்றை என் கையால் செய்து, அதனால் இவர் தேற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. குளித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. "கால் என் கால் மாதிரியே இல்லடி" என்றார். குரல் குழறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த அடுத்த நிமிடம் எல்லோரும் ஓடினார்கள். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடுகிற நிலைமையாம். கழுத்தில் குழாய் போட்டு உடனே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். மறுநாள் டாக்டர், "கிட்னி எப்படியும் இந்த இடத்துக்கு வந்திருக்கும்மா. ஆனா நேத்திக்கு நடந்தது சாப்பாட்டால" என்றார். உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண், என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். என்னென்ன கொடுத்தேன் என்று கேட்டாள். இட்லியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஜூஸ் ஏதாவது குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டபோதுதான் மாதுளையைச் சொன்னேன்.

"ஷீட்ல இருந்துச்சே மேடம், பாக்கலையா?"

"கவனிக்கலைம்மா" என்றேன். அதுதான் முதல் பொய்.

இரண்டாவது பொய் அந்தச் சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நாலு நாளாக நான் கண் மூடவில்லை. காய் வெந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து, பையை மேடையில் வைத்து, "பாவம், ரொம்ப இளைச்சுட்டான். ரெண்டு பழமா குடுக்காம மூணா குடு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"எல்லாம் உங்க மாதுளம்பழத்தால வந்தது அண்ணி. அத அவரு தொடவே கூடாதாம். வாராவாரம் தூக்கிட்டு வந்து தூக்கிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே போயிருப்பாரு."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேடையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதேம்மா. உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியே" என்றார்.

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றேன்.

அண்ணி, வைத்த பையை மறுபடி எடுத்துக்கொண்டார். தூங்கிக்கொண்டிருந்த தம்பியை அறை வாசலில் நின்று பார்த்தார். காபிகூடக் குடிக்காமல் படி இறங்கிப் போனார். எழுபத்தோரு வயது மனுஷி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவது கேட்டது. நான் போய்க் கூப்பிடவில்லை.

ஆறு வாரம் அண்ணி வரவில்லை. இவருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் எனக்கு லீவு. மற்ற நாளெல்லாம் பள்ளியில் நின்றபடியே கண் சொருகும். சனிக்கிழமை ஆனால் இவர் வாசலைப் பார்த்தபடி, "அக்கா வரலையா?" என்பார். "முட்டி வலியாம்" என்பேன். பார்க்க வருகிறவர்கள் மட்டும் மாதுளை வாங்கி வருவதை நிறுத்தவில்லை. தூக்கி எறிய மனம் வராமல் உரித்துத் தயிர் சாதத்தில் கலந்து ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோனேன். இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்த தயிர் சாதத்தில் மாதுளை முத்து கடிபடுவதற்கு ஈடு கிடையாது என்று எல்லோரும் சப்புக் கொட்டினார்கள். எனக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை. அண்ணி வீட்டுக்குப் போன் போட்டால் மகன்தான் எடுத்தான். "அம்மா பேச மாட்டேங்குறாங்க அத்தை. சரியா சாப்பிடறதும் இல்ல. கொல்லையில இருக்குற மரத்த வெட்டு வெட்டுன்னு ஒரே தொல்ல" என்றான்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் இவருக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பார், அதுவரை நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள். படுக்க வைத்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து துறையூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தவளுக்கு நாலு வாக்கியம் சேரவில்லை. இறங்காமலே துறையூர் போய்விட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அண்ணி கொல்லையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மரம் அப்படியேதான் நின்றது. ஆறு வாரமாகப் பறிக்காததால் பழமெல்லாம் கிளையிலேயே வெடித்து, அணில் கொறித்துப் போட்ட தோல் கீழே கிடந்தது. என்னைப் பார்த்ததும் பதறி, "தம்பிக்கு ஏதும்..." என்று எழுந்தார்.

"அவரு நல்லா இருக்காரு. மெஷின்ல இருக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன் அண்ணி."

உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "ஆஸ்பத்திரில குடுத்த இங்கிலீஷ் பேப்பர்ல மாதுளை கூடாதுன்னு போட்டிருந்துச்சு. மொத நாளே நான் படிச்சேன்."

அண்ணியின் கை நின்றது. "படிச்சுமா குடுத்த?"

"ஆமா."

"ஏன்?"

"எல்லாரும் ரத்தம் ஊறும்னாங்க. நானும் அப்படியே நம்பிட்டேன். அந்தப் பேப்பர் நமக்கு இல்லன்னு நெனச்சுட்டேன்."

"சரி, குடுத்த. அத ஏன் என் தலையில போட்ட?"

"தாங்க முடியல அண்ணி" என்றேன்.

அண்ணி மறுபடி புளியை எடுத்து இரண்டு மூன்று கொட்டையைப் பிதுக்கிப் போட்டார். "ஆறு வாரமா கண்ண மூடுனா தம்பி மூஞ்சிதான் வருது. இடுப்புல வச்சு வளத்தவன, என் கையாலயே கொன்னிருப்பேனேன்னு" என்றார். பிறகு, "நீ இங்கிலீசு சொல்லிக் குடுக்குறவ" என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். யாரும் என்னை அதுவரை அப்படி அடித்ததில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போய்வருகிற முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பியபோது மட்டும், முகத்தைப் பார்க்காமல், "சனிக்கெழம வரேன். உனக்காக இல்ல" என்றார்.

வந்தார். கையில் எதுவும் இல்லாமல் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றுதான். இவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "முட்டி வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார். அண்ணி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பரவால்லடா" என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி பின்னாலேயே வந்தார். நான் பீர்க்கங்காயை வடித்துக்கொண்டிருந்தேன். "அவனுக்கு எதெல்லாம் ஆகாது, சொல்லு" என்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ விரலை மடக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, சாத்துக்குடி, தக்காளி, கீரை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி விரலை மடக்கினார். முருங்கைக்கீரையுமா என்று கேட்டார். அதுவும்தான் என்றேன். காயை எத்தனை தடவை வடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம் என்றெல்லாம் கேட்டார். மாதுளையைக் கடைசியில்தான் சொன்னேன்.

"அதத்தான் மொதல்ல சொல்லணும்" என்றார் அண்ணி. பிறகு மாதுளையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பித்தார். சாத்துக்குடியை விட்டுவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது தடவை ஒன்றுகூட விடவில்லை.

என் கையிலிருந்த வடிதட்டை வாங்கிக்கொண்டு அண்ணி சொன்னார்: "இப்ப எனக்கும் தெரியும். இனிமே இந்த வீட்டுல ஏதாவது தப்பு நடந்தா, அது உன் ஒருத்தி தப்பு இல்ல. போ, போய்ப் படு."

நான் போய்ப் படுத்தேன்.